மச்சினனுக்காக ஒரு கவ்வி

அந்த டயர்மேல் உட்காருங்கள் அண்ணே. காய்ந்த அழுக்குதான், ஒட்டாது. இப்போதைக்கு நம்மைக் கூப்பிட மாட்டார்கள். ஒருத்தர் வெல்டிங் ராடு வாங்கப் போயிருக்கிறார், இன்னொருத்தர் டீ குடிக்கப் போயிருக்கிறார், போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கடையில் நிற்பார்கள். நீங்கள் பொள்ளாச்சிப் பக்கமா? பேச்சிலேயே தெரிந்தது. தென்னை உண்டா? உண்டு, இல்லையா. அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். இந்தப் பட்டறைக்காரருக்குப் புரியவில்லை. இன்றைக்குக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பேராவூரணிப் பக்கம். பெயர் வைரக்கண்ணு. அதோ வேப்பமரத்தடியில் நிற்கிறதே சின்ன டிராக்டர், அது என்னுடையது. தென்னை வரிசைக்கு நடுவில் புகுந்து உழுவதற்கென்று வாங்கினது. முன்னால் லோடர் கை இருக்கிறது பாருங்கள், அதில் இப்போது மண் அள்ளும் பக்கெட் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கவ்வி மாட்ட வேண்டும். இவர்கள் கிராபர் என்கிறார்கள். கீழே இரும்பு விரல்கள், மேலேயிருந்து ஒரு தாடை இறங்கி வந்து கவ்வும், நண்டு பிடிக்கிற மாதிரி. எங்கள் ஊரில் இதை மாட்ட ஆளில்லை. ஆயில் ஓஸ் புதிதாக இழுக்க வேண்டுமாம். அதனால்தான் டிராக்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே இரண்டு கவ்வி இருக்கிறது. சுவரோரம் பச்சைப் பெயின்டில் சாய்ந்திருப்பது சின்னது. ஒரே தாடை. கிட்டே போய்த் தட்டிப் பாருங்கள், தகர டப்பா மாதிரிச் சத்தம் வரும். அதற்குப் பக்கத்தில் கறுப்பாக, படுத்துக்கிடக்கிற எருமை மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டும். இரண்டு தாடை. இரண்டும் தனித்தனியாக இறங்கும். ஒவ்வொரு விரலும் என் முழங்கை மொத்தம். பார்த்ததுமே முடிவு பண்ணிவிட்டேன்.

பட்டறைக்காரர் நஞ்சப்பன் தங்கமான மனிதர்தான். ஆனால் ஒரே பாட்டு.

"ஏனுங்கண்ணா, கவ்வியோட எடையும் டிராக்டர் தூக்கற எடையிலதானுங்க சேத்தி. உங்குளுது சின்ன வண்டி. பெருசை மாட்டுனா அதுவே பாதியத் தின்னு போடுமுங்க. மிச்சம் இருக்கறதுலதான் மரத்தைத் தூக்கோணும். பச்சையை மாட்டீட்டுப் போங்க, ஒரே தடவைல ரெண்டு துண்டு தூக்கலாம்."

"பெரிசுல எவ்வளவு தூக்கலாம்?"

"ஒரு துண்டு. அதும் சின்னதா அறுத்துப் போடோணும்."

"அறுத்துக்கறேன்."

"இது கல்லுக் குவாரிக்காரரு கேட்டுச் செஞ்சதுங்கண்ணா. அவரு வண்டி உங்க வண்டியாட்ட ரெண்டு இருக்கும். அவரே கடைசில வேண்டாம்னு போயிட்டாரு."

"அந்தப் பச்சையை மாட்டிக்கிட்டு என் மச்சினன் வீட்டுக்கு முன்னாடி போய் நின்னா அவன் சிரிக்க மாட்டானா?"

"மரம் மச்சினன் வூட்லயாங்க கெடக்குது?"

"இல்ல, என் தோப்புல."

"அப்பறம் மச்சினன் வூட்டு முன்னால எதுக்குங்க நிக்கோணும்?"

பாருங்கள். இவரிடம் எப்படிப் பேசுவது? எடை, எடை என்று எடையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. மனிதனுக்கு எடை மட்டும்தானா? தோற்றம் என்று ஒன்று கிடையாதா?

போன கார்த்திகையில் எங்கள் பக்கம் புயல் அடித்தது. உங்கள் ஊரில் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ராத்திரி முழுக்கக் கதவுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். விடிந்து வெளியே வந்தால், எப்போதும் தெரியாத ஊரெல்லாம் தெரிகிறது. மரம் இல்லை, அதனால் தெரிகிறது. என் தோப்பில் வடக்குப் பக்கம் மொத்தமும் படுத்துவிட்டது. தெற்கே கொஞ்சம் நின்றது. அது இன்றைக்கும் நிற்கிறது. அதில் விழுகிற காயில்தான் நானும் என் வீட்டுக்காரி கோசலையும் சாப்பிடுகிறோம். வேறு நிலம் கிடையாது, வேறு வருமானம் கிடையாது. அந்த நின்ற மரமும் போனால் அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டு எங்கேயாவது போக வேண்டியதுதான்.

விழுந்த மரத்தைப் போட்டு வைக்கக் கூடாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிடந்தால் மட்கும், மட்கினால் அதில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். உள்ளே விரல் தண்டிக்குப் புழு வளரும். வண்டானதும் பறந்து போய் நிற்கிற மரத்தின் குருத்தைத் துளைக்கும். அதனால் ஊரே மரத்தை எடுக்க மிஷினுக்கு அலைந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு பொக்லைன். அது யாருடையது? என் மச்சினனுடையது. நாடிமுத்து. கோசலைக்கு நேர் இளைய தம்பி. என்னை அத்தான் என்று கூப்பிட வேண்டிய ஆள். கூப்பிடவில்லை என்று சொல்லவில்லை. கூப்பிடுகிற விதம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

அவன் தோப்பும் என் தோப்பும் பக்கத்துப் பக்கம். நடுவில் ஒரு கம்பி வேலி. அப்படி இருந்தும் ஊரிலேயே கடைசி வரைக்கும் மரம் கிடந்தது என் தோப்பில்தான். சொந்த அக்காள் புருஷன் தோப்பில். ஊர்க்காரன் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தான், எனக்கு மட்டும் இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் வாயில் கை வைப்பார்கள்.

என்ன? மிஷின் வரவே இல்லையா என்றா கேட்கிறீர்கள்? வந்தது. ரோடு திறந்த அன்றைக்கே, விடியற்காலை, முதல் மிஷின் என் வாசலுக்குத்தான் வந்தது. இதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். வந்தது, வந்தது என்று. யார் வந்தது? டிரைவர் சகாயம் வந்தான். வாசலில் மிஷினை நிறுத்திவிட்டு மேலேயே உட்கார்ந்துகொண்டு சொல்கிறான்:

"உங்க தோப்புல மொதல்ல ஆரம்பிக்கச் சொன்னாங்கய்யா."

"யாரு சொன்னது?"

"மொதலாளி. உங்க மச்சினரு."

"ஏன், அவருக்குக் கால் இல்லையா?"

"ஆஸ்பத்திரியில இருக்காருய்யா. ராத்திரி அவங்க அம்மா மேல சுவரு விழுந்து..."

"சரி. அவரு வந்ததும் அவரையே வரச் சொல்லு. இப்ப வண்டியத் திருப்பு."

திருப்பிக்கொண்டு போய்விட்டான். மாமியாருக்குக் காலில்தான் அடி. இப்போது நன்றாக நடக்கிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்துப் போனேன், அது வேறு விஷயம். ஆனால் ஆஸ்பத்திரி பட்டுக்கோட்டையில் இருக்கிறது, அமெரிக்காவில் இல்லை. ஓர் எட்டு வந்து, "அத்தான், நம்ம மிஷின் இருக்கு, எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக முடியாதா? நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. கூலிக்கு வந்த டிரைவர் மிஷினில் உட்கார்ந்தபடி எனக்கு உத்தரவு சொல்வானா?

கோசலை அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஊரே மிஷினுக்கு நாயா அலையுது. வாசல்ல வந்து நின்னதத் திருப்பி அனுப்பிட்டீங்களே."

"உன் தம்பி என்னையக் கூலிக்காரன் மாதிரி நெனைக்கிறான்."

"கூலிக்காரனுக்கா மொதல் மிஷினு அனுப்புவான்? அவன் தோப்புலயே இன்னும் ஒரு மரத்தத் தொடல."

அவளுக்குத் தம்பி பக்கம்தான் நியாயம் தெரியும். பிறந்த வீட்டுப் பாசம். நான் அதைக் குற்றம் சொல்லவில்லை.

பிறகு அவனே வந்தான். வந்தானா இல்லையா என்று கேட்டால், வந்தான். எப்படி வந்தான் என்று கேளுங்கள். கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருக்கிறான். தலையெல்லாம் புழுதி. ரோட்டில் மிஷின் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கத்துகிறான்:

"அத்தான்! மிஷினு வந்திருக்கு. எந்தப் பக்கம் ஆரம்பிக்கலாம்?"

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"யாரு உன்னைய வரச் சொன்னது?"

"என்னத்தான் இப்புடிக் கேக்குறீங்க? நான் தூங்கி நாலு நாளாச்சு. சட்டுனு சொல்லுங்க, அடுத்து கிழக்குத் தெருவுக்குப் போகணும்."

"மொதல்ல கைலிய எறக்கி விட்டுட்டுப் பேசு."

பிறகு இறக்கிவிட்டான். இறக்கிவிட்டான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இறக்கும்போது சிரித்தான் அண்ணே. உதட்டுக்குள்ளேதான் சிரித்தான், நான் பார்த்துவிட்டேன். "உன் மிஷின் என் தோப்புல கால் வைக்கக் கூடாது, போ" என்றேன். உள்ளேயிருந்து கோசலை ஓடிவந்தாள். அதற்குள் அவன் மிஷினில் ஏறிவிட்டான்.

அதோடு போயிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் கிடையாது. ஆனால் மறுநாள் டீக்கடையில், நான் பின்னால் நிற்பது தெரியாமல் நாலு பேர் நடுவில் சொல்கிறான்: "எங்க அத்தானுக்குக் கல்யாணம் ஆகி இம்புட்டு வருசம் ஆச்சு. இன்னும் மாப்பிள்ளை அழைப்புக்குக் காரு வரலைன்னு உக்காந்திருக்காரு." கடையே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் சிரித்ததில் டீ கீழே கொட்டிவிட்டது. ஒருத்தன்கூட, பாவம், பாதித் தோப்பு போய்விட்டதே இந்த மனுசனுக்கு என்று நினைக்கவில்லை. நான் டீ குடிக்காமலே திரும்பிவிட்டேன். இவனைச் சும்மா விடக் கூடாது என்று அன்றைக்கு எடுத்த முடிவு இது. அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் படுத்தால் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறது.

பிறகு ஆள் மேல் ஆள் அனுப்பினான். அவன் பெரியப்பா வந்தார், வார்டு மெம்பர் வந்தார். "அவன் வரட்டும்" என்றேன். "அவன்தான் வந்தானேப்பா" என்கிறார்கள். "வர்ற மாதிரி வரட்டும்" என்றேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. மிஷினும் வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. வெளியூர் மிஷின்காரர்களைக் கேட்டேன். "நாடிமுத்து அண்ணன் உங்க மச்சினருதான? அவரைக் கேட்டுக்கிட்டு வர்றோம்" என்கிறார்கள். அவனைக் கேட்டுக்கொண்டு வருகிற மிஷின் எனக்கு எதற்கு?

தை போயிற்று, மாசி போயிற்று. மரம் கிடந்தது. மழை வேறு பெய்தது. தோப்புக்குள் போனால் புளித்த வாடை. பக்கெட்டை வைத்துத் தூக்கிப் பார்த்தேன், உருண்டு உருண்டு விழுகிறது. சித்திரையில் ஒருநாள் கோசலை தோப்பிலிருந்து வந்து, என் முன்னால் ஒரு மட்டையைப் போட்டாள். புது மட்டை. கத்தரிக்கோலால் விசிறிக்கு வெட்டின மாதிரி இரண்டு பக்கமும் வண்டு வெட்டு. நின்ற மரத்து மட்டை அண்ணே. அப்புறம் அவள் தினமும் காலையில் வண்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு போவாள். சின்ன மரங்களின் குருத்துக்குள் விட்டுக் குத்தி வண்டை வெளியே இழுப்பாள். டப்பாவில் போட்டுக் கொண்டு வருவாள். மணலும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து மட்டை இடுக்கில் வைப்பாள். உயர்ந்த மரத்துக்கு என்ன செய்வது? கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு மரம் கொண்டை சாய்ந்துவிட்டது.

சொல்லுங்கள், இதற்கு யார் காரணம்? அவன் அன்றைக்கே முறையாக வந்து கேட்டிருந்தால் இந்த வண்டு வந்திருக்குமா?

இப்போது நான் சொல்லப் போவதை இந்தப் பட்டறைக்காரரிடம் சொல்லவில்லை. நீங்கள் தென்னைக்காரர் என்பதால் சொல்கிறேன். அவன் தன் தோப்பைச் சுத்தம் பண்ணிப் புதிதாகத் தென்னம்பிள்ளை வைத்திருக்கிறான். வேலியை ஒட்டி வரிசையாக. குருத்து பச்சைப் பசேலென்று, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. என் தோப்பில் மட்கிக் கிடக்கிற மரத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் அந்த வேலியோரமாக அடுக்கப் போகிறேன். என் பக்கம்தான் அடுக்குவேன். என் நிலம், என் மரம். எந்தப் போலீசும் கேட்க முடியாது. உள்ளே இருக்கிற புழுவெல்லாம் வண்டாகி வெளியே வரும்போது எதிரில் என்ன இருக்கும்? அவன் பிள்ளை இருக்கும். இளங்குருத்து. அவன் காலையில் எழுந்து வந்து பார்க்கட்டும். ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்வதைப் பார்க்கட்டும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அப்போது அவன் கைலியை எப்படிக் கட்டிக்கொண்டு வருகிறான் என்று பார்க்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் கவ்வியோடு அவன் வீட்டு முன்னால் ஒருதரம் போய் நிற்க வேண்டும். அந்தக் கறுப்பு. இரண்டு தாடையையும் திறந்து, மூடி, திறந்து, மூடி. ஒன்றும் பேச மாட்டேன். மிஷின் வைத்திருப்பவன் நீ மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். அதற்குப் பச்சை உதவுமா? நீங்களே சொல்லுங்கள்.

வண்டு பறக்கும் என்கிறீர்கள். தெரியும். எனக்குத் தெரியாதா? என் மரத்துக்கும் திரும்பி வரும் என்கிறீர்கள். வரலாம். கொஞ்சம் வரும். ஆனால் பக்கத்தில் இளசு இருக்கும்போது முற்றின மரத்துக்கு ஏன் வரப் போகிறது? சரி, வந்தால் வரட்டும். எனக்கு இரண்டு போனால் அவனுக்கு இருபது போகும். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

இருங்கள். போன் அடிக்கிறது. வீட்டிலிருந்துதான்.

"சொல்லு கோசலை. ... இன்னும் மாட்டல, சாயந்தரம் ஆயிரும். ... என்ன? ... யாரு எடுத்தது? ... என்னைக் கேக்காம யாரு உன்னையக் கூப்பிடச் சொன்னது? ... நேத்தே வந்துட்டானா? நான் பஸ் ஏறுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தீங்களா ரெண்டு பேரும்? ... எல்லாமேவா? வடக்குப் பக்கம் மொத்தமுமா? ... எங்க கொண்டு போய்ப் போட்டான்? ... அவன் களத்துலயா? கொளுத்திட்டானா? ... ஈரமா இருக்கா. எரியலையா. சரி. ... என்ன தட்டு? ... வெத்தலை பாக்கு வச்சா? ... வேட்டி கட்டிக்கிட்டு வந்தானா? ... எங்க வச்சான்? ... நாற்காலிக்கு முன்னாடியா? ... நான் இல்லாதப்பவா வச்சான்? ... யாரு பாத்தா? தெருவுல யாராவது பாத்தாங்களா? ... நீ மட்டுந்தானா? ... அழுவாத. இப்ப எதுக்கு அழுவுற? ... வை போனை. வந்து பேசிக்கிறேன்."

கேட்டீர்களா?

நேற்று நான் லாரிக்குப் பின்னாலேயே பஸ் ஏறியிருக்கிறேன். ஏறின உடனே இவள் தம்பியிடம் போயிருக்கிறாள். "நின்ன மரமாவது பிழைக்கட்டும்டா" என்று காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறாள். அவன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். வாசலில் என் நாற்காலிக்கு முன்னால் வைத்து, "அத்தான், நம்ம மிஷினு வந்திருக்கு, உங்க தோப்புல எடுக்க உத்தரவு கொடுக்கணும்" என்று கும்பிட்டிருக்கிறான். காலி நாற்காலிக்கு. அப்புறம் ராத்திரி பகலாக ஓட்டி, ஒரு துண்டு விடாமல் வாரி எடுத்துக்கொண்டு போய் அவன் களத்தில் போட்டுவிட்டானாம். காய்ந்ததும் கொளுத்தப் போகிறானாம். டீசலுக்குக்கூட ஒன்றும் வாங்கவில்லையாம். தோப்பு துடைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாளாம்.

நல்லதுதானே என்கிறீர்களா?

எப்படி அண்ணே நல்லது? நான் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் வராதவன், நான் இல்லாத அன்றைக்குத் தட்டோடு வருகிறான். யார் பார்த்தார்கள்? கோசலை பார்த்தாள். அவளுக்குச் செய்தால் அது அக்காளுக்குச் செய்த சீர், எனக்குச் செய்த மரியாதை ஆகுமா? நாளைக்கே டீக்கடையில் சொல்வான். "அத்தான் இல்லாத நேரம் பாத்து வேலைய முடிச்சேன்" என்பான். மறுபடியும் கடையே சிரிக்கும். இந்தத் தடவை இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். நாற்காலியைக் கும்பிட்டதை நடித்தே காட்டுவான். அவன் நடிக்கக்கூடியவன்.

இல்லை, நான் இதை விடப் போவதில்லை. மரம் எங்கே கிடக்கிறது? அவன் களத்தில் கிடக்கிறது. யாருடைய மரம்? என் மரம். என்னைக் கேட்காமல் எடுத்தது திருட்டு. களத்துக்கும் என் தோப்புக்கும் நடுவில் நல்ல மண் ரோடு, மேடு பள்ளம் கிடையாது. ஒவ்வொரு துண்டாகக் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே எது கிடந்ததோ அங்கேயே போடுவேன். வடக்குப் பக்கம் மொத்தமும். ஊர் பார்க்கப் பட்டப்பகலில். போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவன் வரட்டும். அதே வேட்டி, அதே தட்டு. நான் உட்கார்ந்திருக்கும்போது வந்து கேட்கட்டும். கேட்டால் உடனே எடுக்கச் சொல்லிவிடுவேன். நான் என்ன கல் மனசுக்காரனா?

நின்ற மரம் என்ன ஆகும் என்றா? எனக்கும் அந்த மரம்தான் சோறு. மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? சீக்கிரம் வந்து கேட்டான் என்றால் ஒன்றும் ஆகாது. அது அவன் கையில்தான் இருக்கிறது.

அதோ நஞ்சப்பன் ஆட்கள் வந்துவிட்டார்கள். "பெரிசையே மாட்டுங்க! ஆமா, கறுப்பு! இனிமே அதப் பத்திப் பேச வேணாம்!"

எப்படித் தூக்குகிறார்கள் பாருங்கள், செயின் போட்டு நாலு பேர். இரும்புப் பின்னைச் செருகிவிட்டார்கள். ஓஸ் மாட்டுகிறார்கள். டிராக்டர் மூஞ்சி இப்போதுதான் மூஞ்சியாக இருக்கிறது. இதுவரைக்கும் கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. அந்த மூலையில் கிடக்கிற வேப்பங்கட்டையைக் கவ்வச் சொல்கிறேன். கவ்விவிட்டது. கேட்டீர்களா சத்தம்? அப்படியே மேலே... அடடா. பின்சக்கரம் எழும்புகிறது. "எறக்குங்க, எறக்குங்க!"

நஞ்சப்பன் வருகிறார். முகத்தைப் பாருங்கள், சொன்னேனே என்கிற முகம்.

"பாத்தீங்களாங்கண்ணா? முன்னால கனம் போட்டா பின்னால தூக்கீருமுங்க. பின்னாடி ஒரு கான்கிரீட் கட்டை செஞ்சு மாட்டோணும்."

"எப்ப ஆவும்?"

"காய்ஞ்சு எறுகோணுமுல்லங்க. ஒரு வாரம் விட்டு வாங்க."

ஒரு வாரம்! அதற்குள் அங்கே மரம் காய்ந்துவிடும். காய்ந்தால் கொளுத்திவிடுவான். சாம்பலை எதால் கவ்வுவது?

"இப்பவே எடுத்துக்கிட்டுப் போகணும்னா என்ன வழி?"

"பின்னாடி ஆளு உக்காரோணுமுங்க. உக்காந்தே இருக்கோணும், எறங்கக் கூடாது. வழக்கமா ரெண்டு பேரை ஏத்திக்குவாங்க. அது நல்லதில்லீங், சொல்லிப்போட்டேன். ஏனுங்க, ஊர்ல உங்குளுக்கு ஆளிருக்குதுங்களா?"

ஆள் இருக்கிறார்கள். ஊர் முழுக்க ஆள்தான். வார்டு மெம்பர் உட்காருவாரா? மாட்டார். டீக்கடையில் சிரித்தவன் ஒருத்தனும் உட்கார வேண்டாம். நான் கூப்பிடவும் மாட்டேன்.

இருங்கள், ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன். இல்லை, இங்கேயே பேசுகிறேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"கோசலை, நான்தான். சாயந்தரம் லாரி கிளம்புது. விடியக்காலம் வந்துருவேன். ... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ ஒரு வேலை செய்யணும். நாளைக்கு டிராக்டருக்குப் பின்னாடி நீ உக்காரணும். ... எதுக்கா? கனத்துக்குத்தான். சும்மா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். உன் தம்பி களத்துலேருந்து நம்ம தோப்பு வரைக்கும். ... மரத்தத் திருப்பிக் கொண்டாந்து போடணும்ல. ... வடக்குப் பக்கம் கெடந்ததுதான், எல்லாத்தையும். ... கோசலை? ... ஏ கோசலை, கேக்குதா?"

வைத்துவிட்டாள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை அண்ணே. அவள் குணம் எனக்குத் தெரியும். மாட்டேன் என்றால் இப்படியா இருப்பாள்? ஊரைக் கூட்டியிருப்பாள். சம்மதம் என்றால்தான் பேசாமல் வைத்துவிடுவாள். உட்காருவாள்.